தும்மல் சான்றிதழ்

மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தோடு, பூவை முகர்ந்தாலும் பெண் தும்மமாட்டாள் என்ற தும்மல் சான்றிதழும் கேட்கத் தொடங்கிய பிறகு, மல்லிகை வாசம் பட்டாலே அடுக்குத் தும்மல் போடும் சுடர்க்கொடிக்கு வரன் அமைவது குதிரைக்கொம்பாகிவிட்டது. அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு பூவை முகர்ந்து ஏமாற்றவும் முடியாது. சிறுநீரைச் சோதிக்கும் இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அவள் வேலை பார்ப்பதே அப்படியொரு சோதனைக்கூடத்தில்தான். அங்கே ஒவ்வொரு சாம்பிளிலும், கன ஹைட்ரஜன் சேர்த்துச் செய்த அதே அலர்ஜி மருந்தை, அளவு ஒப்பிடுவதற்காக ஐந்து சொட்டு விடுவார்கள். எடை கூடுதல் என்பதால் இயந்திரம் அதைத் தனியே பிரித்துவிடும், ஆள் விழுங்கிய கணக்கில் சேர்க்காது. சுடர்க்கொடி அந்தப் புட்டியை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டு, மல்லிகையை ஆற அமர முகர்ந்து, தன் சிறுநீர் சாம்பிளை மதுரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். சான்றிதழ் பழுதில்லாமல் வந்தது.

அதைப் பார்த்து மதுரையிலிருந்தே ஒரு வரனும் வந்தது. மாப்பிள்ளை நாவரசனும் சோதனைக்கூட ஆள்தான். தனியாகப் பேச மாடிக்கு அனுப்பியதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

“உங்க சாம்பிள் எங்கிட்டதாங்க வந்துச்சு. நான் விட்டது அஞ்சு சொட்டு. மெஷின் ஐநூறுக்குக் காட்டுச்சு.”

அவள் மாடிப்படியை எட்டிப் பார்த்துக்கொண்டாள். “உங்க வீட்ல சொல்லிட்டீங்களா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து அவன் அம்மா கூப்பிட்டாள். “பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. இன்னைக்கே பூ வெச்சிருவோம், வாங்க.”

புட்டியில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லையே என்று நினைத்தபடி, சுடர்க்கொடி மூச்சை அடக்கிக்கொண்டு மனையில் உட்கார்ந்தாள். மாமியாராகப் போகிறவள் பூப்பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே வாசமே இல்லாத கனகாம்பரம்.

“மல்லி எங்கடா?”

“கெடைக்கலம்மா,” என்றான் நாவரசன், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

“மதுரையிலயாடா கெடைக்கல?”