தாங்கியின் பிடி

வடித்துவைத்த கஞ்சியில் ஒரு பாக்டீரியா பசியோடு மிதந்தது. அதன் உடம்புக்குள் நூல்போல நீளமாக ஒரு புரதம் பிறந்தது. பெயர் நறுக்கி. வெளியே போய்க் கஞ்சியின் மாவுச்சத்தை நறுக்குவதுதான் அதன் வேலை.

பிறந்ததுமே அது சுருண்டு மடங்கப் பார்த்தது. தாங்கி என்ற இன்னொரு புரதம் ஓடிவந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"விடுண்ணே! எல்லாரும் அழகா மடிஞ்சு உட்கார்ந்துட்டாங்க. நான் மட்டும் எதுக்கு இப்படித் தொங்கணும்?"

"அவங்களுக்கு வேலை உள்ளேயே. உனக்கு வெளியே. வாசல் ஒரு நூல் அகலந்தான். மடிஞ்சா நுழைய மாட்டே."

"உனக்குப் பொறாமை!"

வழிநெடுக நறுக்கி திட்டிக்கொண்டே வந்தது. தாங்கி பிடியை விடவில்லை. பாக்டீரியாவைச் சுற்றியிருந்த சவ்வின் வாசலில் அதன் தலையை நுழைத்துவிட்டு, அடுத்ததைத் தூக்கத் திரும்பியது.

வெளியே போய் விழுந்த நறுக்கி முதல்முறையாக மடிந்தது. மடிந்த இடத்தில் ஒரு வாய் அமைந்தது. வந்த வாசலைத் திரும்பிப் பார்த்தது. இந்த உருவத்தோடு அதில் நுழைந்திருக்கவே முடியாது.

"அண்ணே!" என்று கத்தியது. சவ்வைத் தாண்டிக் குரல் போகவில்லை. நன்றி சொல்லத் திரும்பிப் போகவும் வழியில்லை. பக்கத்தில் மிதந்த மாவுச்சத்தை ஆசையாகக் கடித்துச் சர்க்கரைத் துண்டுகளாக நறுக்கத் தொடங்கியது.

உள்ளே, திமிறுகிற இன்னொரு புரதத்திடம் தாங்கி திட்டு வாங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று வெளியிலிருந்து வந்து எங்கும் இனிப்பு பரவியது.

"என்னண்ணே சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்லே. முன்னாடி போன பய நல்லா மடிஞ்சிருக்கான்."