அசையாத கோடு

டிவித் திரையின் ஓரத்தில், பார்க்கும் இருவரின் கைக்கடிகாரங்களும் அனுப்பிய இதயத்துடிப்பு இரண்டு கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தது. தொடரின் கடைசிப் பகுதியில் கதாநாயகனின் அண்ணிதான் கொலைகாரி என்று தெரிந்ததும் மகிழினியின் கோடு எகிறியது. பக்கத்திலிருந்த கணவன் பரிதி, "ஐயையோ, அண்ணியா!" என்று அலறினான். அவன் கோடோ இருந்த உயரத்தைவிட்டு அசையவேயில்லை.

மகிழினி திரும்பினாள். "ஏற்கெனவே பாத்துட்டீங்களா?"

"ஆபீஸ்ல எல்லாரும் நேத்தே பாத்தோம். நீ ஆசையா காத்துட்டிருந்தியே, அதான் சொல்லல."

"பாத்தது பரவால்லங்க. ஆனா எவ்வளவு நல்லா நடிக்கிறீங்க!" அவள் குரல் உடைந்தது. "எங்கப்பா செத்தப்போ என்னைவிட சத்தமா அழுதீங்களே... அது?"

"என்ன பேச்சு இது, மகி?" அவன் கண்கள் கலங்கின.

அதை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கண்ணீரைத் துடைக்க முதல்முறையாக அவள் கை நீளவில்லை.