அடுப்படிச் சுவரில் ஒரு பள்ளம்

"ஏனுங்க, நான் இந்தச் செவுத்தப் பூசறதா, இல்ல காவல் காக்கறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க!"

கொத்தனார் அப்புசாமி கரணையைச் சட்டியில் வீசிய வேகத்தில் சுண்ணாம்பு தெறித்து அவர் மீசையிலேயே விழுந்தது. அதில் கோபம் இன்னும் கூடிப்போயிற்று.

அடுப்படிச் சுவரில், இடுப்புயரத்தில், மறுபடியும் அதே இடத்தில் பள்ளம். இது நாலாவது தடவை. முதல் நாள் சாயங்காலம் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி மினுக்கிவிட்டுப் படுத்தவர் அவர்.

கொல்லிமலையில் அந்த ஊரில் அத்தனை வீடும் மண்சுவர்தான். ஆனால் இந்த வீட்டுக்காரன் செங்கோடனுக்குப் பெண் கொடுக்கிற அடிவாரத்துக்காரர்கள், சுண்ணாம்பு பூசாத வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். காரவள்ளியிலிருந்து கழுதை முதுகில் சுண்ணாம்பு மலை ஏறியது. அதன் பின்னாலேயே சேந்தமங்கலத்து அப்புசாமியும் மூச்சு வாங்க ஏறினார். நாளை மறுநாள் கல்யாணம்.

செங்கோடனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி மயிலாத்தாள் அதே வீட்டில்தான் இருந்தாள். எட்டு வருஷமாகப் பிள்ளையில்லை, அதுதான் அவள் செய்த குற்றம். புதுப்பெண் வந்ததும் அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள்.

"எலியா இருக்குமுங்க கொத்தனாரே" என்றான் செங்கோடன்.

"எலி பறிச்சா மண்ணு கீழ குமிஞ்சு கிடக்கோணுமுங்க. இங்க பாருங்க, சுண்ணாம்புப் பத்தை மட்டும் கிடக்குது. உள்ள இருந்த செம்மண்ணு ஒரு பிடிகூடக் காணோம். எலி மூட்டை கட்டிக்கிட்டா போச்சு?"

"ஆடு கீடு நக்கியிருக்குமோ?"

"ஆட்டுக்கு நகம் மொளைச்சிருக்குதுங்களா? நோண்டின தடம் தெரியுது பாருங்க!"

செங்கோடன் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனான். மயிலாத்தாள் ஒரு தட்டில் களியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மொதல்ல சாப்புடுங்கண்ணா. அப்பறம் கோவிச்சுக்கலாம்."

"நீங்க சாப்பிட்டீங்களா அம்மிணி?"

"எனக்கு வேண்டாமுங்க. களியக் கண்டாலே புடிக்கல."

நாலு நாளாக இதே பேச்சு. சக்களத்தி வரப்போகிற வீட்டில் எவளுக்குத்தான் சோறு இறங்கும்? அப்புசாமிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சுவரைப் பார்த்ததும் அந்தப் பாவமெல்லாம் பறந்துவிட்டது. போதாததற்கு, பூசுவதற்கு முன் சுவரில் அவர் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள். வேலையில் நொட்டை சொல்ல நிற்கிறாளாக்கும் என்று அவருக்கு எரிச்சல் மண்டியது.

இப்போதும் வந்து நின்றாள். அப்புசாமி பள்ளத்தை நனைத்தார். மண்ணைக் குழைத்து அடைத்தார். மேலே சுண்ணாம்பைப் பூசித் தேய்த்தார். கரணையைக் கழுவ ஓடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

ஈரம் காயாத பூச்சு பிய்ந்து கிடந்தது. சுவரோரம் மயிலாத்தாள் அவசர அவசரமாக முந்தானையை முடிந்துகொண்டிருந்தாள்.

"நீங்கதானா அம்மிணி! அட, என் பொழப்பே! பட்டப்பகல்ல, நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கமா?"

சத்தம் கேட்டு ஓடிவந்த செங்கோடன் ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

"ஓகோ! ஊட்டு மண்ணை எடுத்து வெச்சு, கல்யாணத்தன்னிக்கு எங்க மேல வாரித் தூத்தலாம்னு பாக்கறயா? நாங்க நாசமாப் போகோணும்னு சாபம் உடப் பாக்கறயா?"

"சாமி சத்தியமா இல்லீங்க!" மயிலாத்தாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பின்ன எதுக்கு மண்ணு?"

அவள் வெட்கத்தில் முகம் கன்றிப்போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வெட்கங்கெட்ட வேலைக்கு வெட்கம் வேறா என்று அப்புசாமி பல்லைக் கடித்தார்.

"கல்யாணம் வரைக்கும்கூட நீ இங்க இருக்க வேண்டாம். இப்பவே உங்கண்ணன் ஊட்டுக்குக் கிளம்பு!" செங்கோடன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். முடிச்சு அவிழ்ந்து நாலைந்து செம்மண் கட்டிகள் சிதறி விழுந்தன.

"என் உழைப்பு போற இடத்தப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே அப்புசாமி ஒரு கட்டியை எடுத்தார். சுவரில் திருப்பி அப்பக் கையை ஓங்கியவர், அப்படியே நின்றுவிட்டார்.

கட்டியின் ஓரத்தில் வரிசையாகப் பல் தடம். நிமிர்ந்து பார்த்தார். மயிலாத்தாளின் உதட்டோரம் செம்மண் ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, உங்க கல்யாணத்தத் தூக்கி ஓடையில போடுங்க! மொதல்ல செம்மேட்டுக்கு ஆள அனுப்பி மருத்துவச்சியக் கூட்டியாங்க!"

"எதுக்குங்க? செவுத்துல மண்ணு போனா மருத்துவச்சியா வந்து பூசுவா?"

அப்புசாமிக்கு வந்த கோபத்தில் அந்த வீடே அதிர்ந்தது.

"அட, வெவரமில்லாத மனுசா! எனக்குப் புள்ளைங்க ஆறு. எங்கூட்டு அடுப்படிச் செவுத்துலயும் எண்ணி ஆறு பள்ளம்!"