நூற்றுக்கு நூறு வாங்கிய தோட்டம்

வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் தூக்கம் போகும் என்று தவமலர் நினைத்துக்கொண்டாள். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பது எதிரே உட்கார்ந்திருந்த மேலாளர் இராஜசிங்கத்தின் கையில்.

தூய எரிசக்திக்கு மாற நாடு எவ்வளவு தயார் என்று அளக்க மாநிலத்துக்கு ஓர் ஊரைப் பொறுக்கியிருந்தார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பழைய பதிவேட்டில் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். அவள்தான் போய்க் கணக்கெடுப்புப் படிவத்தை, அந்தப் பாரத்தை, நிரப்பினாள்.

"நூத்துக்கு நூறு! பெட்ரோல் பூஜ்யம், கேஸ் பூஜ்யம், அடுப்புப் புகைகூட இல்ல. நார்வேக்காரனே தோத்தான் லா!" என்றார் இராஜசிங்கம்.

"ஐயா, அந்தப் பாரத்துல..."

"பொய் ஏதும் எழுதினியா?"

"இல்ல ஐயா, எல்லாம் உண்மைதான்."

"அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை வெளிநாட்டு ஆளுங்க பார்க்க வாராங்க. தோட்டத்து ஜனங்கள மாலையோட நிக்கச் சொல்லு."

"அங்க ஜனங்களே இல்ல, ஐயா. எல்லாரையும் அடுக்குமாடிக்கு மாத்தி ஏழு வருஷமாச்சு. ஆள் இருக்காங்களான்னு பாரத்துல கேள்வியே இல்ல."

இராஜசிங்கத்தின் முகம் மலர்ந்தது.

"அவ்வளவுதானே? இலவசமா பஸ் அனுப்புறேன். உங்கம்மா, பக்கத்து வீட்டாளுங்கன்னு நாப்பது பேரைக் கூட்டிட்டு வா. ஒரு நாள் குடியிருக்கட்டும்."

ஏழு வருஷத்துக்கு முன்பு அம்மாவை அந்தத் தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு ஏற்றி வந்த லோரியும் இலவசமாகத்தான் வந்தது.

"போன உடனே அடுப்பு மூட்டி தேத்தண்ணி போடுவாங்க, ஐயா. மார்க்கு குறைஞ்சிடும்," என்றாள் தவமலர் மெதுவாக. "நான் கூப்பிடமாட்டேன்."