குடும்பப் பெயர்

“உள்ளேயே இருக்கட்டுங்க. வெளியே அனுப்பினா அப்புறம் திரும்பி வரவே மாட்டாங்க” என்றாள் மனைவி.

“உள்ளே வச்சா எல்லாம் மெதுவாகுது. பாதி இடத்தையும் அடைச்சுக்குது. வெளியே அனுப்பித் தொலை” என்றான் கணவன்.

கேட்பவர்கள் மாமியாரைப் பற்றிய பேச்சு என்று நினைப்பார்கள். சண்டை ஒரு பதிவுப் படிவத்தைப் பற்றி.

வீட்டிலிருந்தே இணைய வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது இருவருக்கும் தொழில். படிவத்தைத் தங்கள் வலைப்பக்கத்துக்குள்ளேயே பதிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. வேறொரு தளத்தில் போட்டுவிட்டு, இங்கே ஒரு பட்டனை வைத்தால் போதும் என்பது அவன் கட்சி.

வகுப்பெடுக்கும் டீச்சர் பஞ்சாயத்து செய்தார். “ரெண்டையும் போடுங்க. ரெண்டு நாள்ல எதுல நிறைய பேர் சேருறாங்களோ, வருஷம் பூரா அதுதான். ஒருத்தரும் வரலைன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்.”

‘முடியாது என்று சொல்லப் பழகுவோம்’ என்பது வகுப்பின் தலைப்பு. டீச்சருக்கு அது நன்றாகவே பழகியிருந்தது.

முதல் நாள் இரண்டிலும் பூஜ்யம்.

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, போனில் குரலைத் தாழ்த்தினாள். “அத்தை, ஒரு உதவி. லிங்க் அனுப்பறேன். பேரைப் போட்டு ஒரு அமுக்கு அமுக்கிடுங்க, போதும்.” பெரியப்பா முதல் ஒன்றுவிட்ட சித்தி வரை, இரு பக்கத்துச் சொந்தத்திலும் ஒருவரை விடவில்லை.

வெளியே வந்தபோது கணவனைக் காணோம். குப்பை கொட்டப் போனவன் ஒரு மணி நேரம் கழித்து வந்தான், குப்பைப் பையோடு.

மறுநாள் மாலை அவள் படிவத்தில் முப்பத்தெட்டு பேர். அவன் படிவத்திலும் முப்பத்தெட்டு. போன் அடித்தது. ஸ்பீக்கரில் டீச்சர்.

“ஏம்மா, ரெண்டு பட்டியல்லயும் அதே ஆளுங்களா இருக்காங்களே?”

“ஆர்வம் ஜாஸ்தி போல, மேடம்.”

“குடும்பப் பெயர்னு ஒரு கட்டம் வச்சிருக்கீங்களே…”

“ஆமா மேடம். அதை நிரப்பினாத்தான் படிவம் போகும்.”

“அதுல ஒருத்தர் ‘பெரியப்பா’ன்னு போட்டிருக்கார். இன்னொருத்தர் ‘சின்ன அத்தை’. ஒரு அம்மா ‘ஒன்றுவிட்ட சித்தி’ன்னு எழுதி, அடைப்புக்குறிக்குள்ள ‘மாப்பிள்ளை வழி’ன்னு விளக்கம் வேற.”

மானம் கப்பலேறியது. வருஷ ஒப்பந்தமும் அதே கப்பலில் ஏறிக்கொண்டிருந்தது.

“என் சித்திகிட்டயுமா கேட்டே?” என்று பல்லைக் கடித்தான் கணவன்.

“நீங்க மட்டும் என் பெரியப்பாவை விட்டு வச்சீங்களாக்கும்!”

இனி மறைத்துப் பயனில்லை. “மன்னிச்சுடுங்க மேடம், எல்லாரும் சொந்தக்காரங்க. எனக்காக ஒரு தரம், இவருக்காக ஒரு தரம் போட்டிருக்காங்க. சத்தியமா ஒருத்தருக்கும் இந்த வகுப்புல விருப்பம் இல்ல.”

“விருப்பம் இல்லாமலா ரெண்டு தரம் போட்டாங்க? ஒருத்தர் கூடவா மறுக்கல?”

“ஒருத்தர் கூட இல்ல மேடம்.”

டீச்சரின் குரல் தழுதழுத்தது.

“விட்டுடாதீங்கம்மா, இவங்களைத்தான் நான் இத்தனை நாளா தேடறேன்!”