சுவரில் எழுதிய பெயர்

வெளியே வந்த வெள்ளையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பள்ளிக்கூடச் சுவரில், அவர் வீட்டைப் பார்த்தாற்போல, ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். காவி எழுத்து இன்னும் காயக்கூட இல்லை. முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

'வெள்ளையனே வெளியேறு.'

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடியும் கூட்டினார். சந்தேகமே இல்லை, அவர் பெயர்தான்.

வாழவந்திக்கு அப்பால் மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் வெள்ளையன் என்று மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருவர் மகன் கூப்பிட்டான் என்று சேலத்துக்கு இறங்கிவிட்டார். செத்தவரையும் போனவரையும் எதற்கு வெளியேறச் சொல்லப்போகிறார்கள்?

வீடு அப்பா காலத்தில் மண் குழைத்துக் கட்டியது. பட்டா கிடையாது. போன மாதம் இரண்டு பேர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார்கள். எதற்கென்று கேட்டால், "சும்மாதான்" என்றார்கள். சும்மா யாராவது மலையேறி வந்து அளப்பார்களா? அன்றிலிருந்தே அவருக்குச் சந்தேகம்தான்.

வீட்டுக்கு ஓடினார். விஷயத்தைக் கேட்ட மனைவி கண்ணாயிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, பேரு போட்டேவா எழுதியிருக்காங்க?"

"பேரு போட்டுத்தான்."

"போலீசு வந்துருமுங்களா?"

கண்ணாயி ராகி மூட்டையின் வாயைக் கட்ட ஆரம்பித்தாள்.

"இந்த ஊட்டை விட்டுட்டு எங்கீங்க போறது?"

"இரு. பெரிய வாத்தியாரைக் கேட்டுட்டு வந்துர்றேன்."

தலைமையாசிரியர் முனியப்பன் அடிவாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். வெள்ளையனைவிடப் பதினைந்து வயது இளையவர். வெள்ளையன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விஷயத்தைச் சொன்னதும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அட வெள்ளையா! அது நீ இல்லப்பா. நம்மள ஆண்ட வெள்ளைக்காரன்! நாப்பத்திரண்டுல நாடே அப்படித்தான் கத்துச்சு. வர்ற ஆகஸ்டு ஒம்பதோட அம்பது வருஷம். பொன்விழா! அதான் பிள்ளைங்களை விட்டு எழுதச் சொன்னேன்."

"அப்ப... நானில்லீங்களா?"

"நீ இல்ல. போதுமா?"

போன உயிர் திரும்பி வந்தது. உடனே ஓடிப்போய்க் கண்ணாயியிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் முனியப்பன் விடவில்லை. விழாவுக்கு எழுதிய பேச்சைக் கேட்க, பாவம், அவருக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"இதைக் கேளு. 'சுதந்திரம் பீரங்கியால் வந்ததல்ல, சிந்தனையால் வந்தது. கடலுக்கு அப்பால், காட்டோரக் குடிசை ஒன்றில் இருந்துகொண்டு ஒருவர் யோசித்தார்...'"

"குடிசைக்காரருங்களா?" வெள்ளையனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"ஆமாப்பா! அநியாயம் பண்ற அரசாங்கத்துக்கு வரி கட்ட மாட்டேன்னு ஜெயிலுக்குப் போனவரு. அநியாயத்துக்குத் தலையாட்டுறவனும் அதுக்குக் கூட்டுதான்னு அவருக்குத் தோணுச்சு. அந்த யோசனை கப்பலேறி வந்து நம்ம அகிம்சையோட சேர்ந்துக்கிச்சு. அடிச்சாத் திருப்பி அடிக்காதே. திட்டாதே. ஆனா சம்மதிக்காதே! நம்ம சம்மதம் இல்லாம எவனும் நம்மள ஆள முடியாது."

"பயமா இருக்காதுங்களா?"

"இருக்கும். அந்தப் பயத்தை வெச்சுத்தானே அவன் ஆண்டான்!"

"அத்தனை பெரிய வெள்ளைக்காரன், வெறும் 'மாட்டேன்'லயா போயிட்டானுங்க?"

"போயிட்டானே!"

வெள்ளையனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய சங்கதியைத் தன்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"இரு, இரு. நீயா வந்ததும் நல்லதாப் போச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

முனியப்பன் மேஜையில் ஒரு காகிதத்தை நகர்த்தினார். பேனாவையும் திறந்து கொடுத்தார்.

"படிச்சுப் பாத்துக்கிறேனுங்க சார்."

"படிக்க அதுல என்னப்பா இருக்கு? போடு."

வெள்ளையன் விரலை வைத்துக் கூட்டினார். "நான்... குடியிருக்கும்... இடத்தில்... சுதந்திர... நினைவுத் தூண்... அமைக்க... வீட்டைக் காலி செய்ய... சம்மதிக்கிறேன்."

மறுபடியும் முதலிலிருந்து கூட்டிப் பார்த்தார்.

"சார்... அன்னிக்கு வந்து அளந்தது..."

"இதுக்குத்தான். ரோட்டைப் பாத்த மாதிரி இருக்கறது உன் இடம் ஒண்ணுதான். ஒம்பதாம் தேதி அடிக்கல் நாட்டப் பெரிய அதிகாரி வர்றார். பட்டா இல்லாத இடம் வெள்ளையா. நீ போடலேன்னா போலீசு வந்து சட்டிபானையைத் தூக்கி வெளிய வெச்சிரும். சொல்லிட்டேன்."

ராகி மூட்டையோடு கண்ணாயி ரோட்டில் நிற்பது போலத் தோன்றியது. போட்டுவிட்டால் போலீசாவது வராது. பேனாவைக் காகிதத்தின்மேல் கொண்டுபோனார்.

பிறகு அதை மூடி வைத்துவிட்டார். அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"திட்ட மாட்டேனுங்க. கை நீட்ட மாட்டேனுங்க. ஆனா சம்மதம் இல்லீங்க."

முனியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. மேஜையை ஓங்கித் தட்டினார்.

"எந்திரிய்யா! இந்த எகத்தாளமெல்லாம் உனக்கு எவன்யா சொல்லிக் கொடுத்தது?"

வெள்ளையன் பயந்துகொண்டேதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானுங்க சார். இப்பத்தான்."