கழுவி வைத்த ஜாடி

"கையும் களவுமாப் பிடிச்சிட்டேன் சார்!"

அழகுராஜா ஒரு காலி கண்ணாடி ஜாடியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தான். பின்னாலேயே பேச்சாயி, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

வத்தலக்குண்டு சாலையில் இருக்கும் ஒரு நூல் மில்லின் அலுவலகம் அது. ஐந்தாறு பேர் வேலை பார்க்கிறார்கள். பேச்சாயி அகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கூட்டித் துடைத்து, டீ போட்டு, டம்ளர் கழுவுகிறவள். முனியப்பன் தலைமை எழுத்தர். அதனால் பஞ்சாயத்து அவரிடம் வந்தது.

"அனிஷாவோட ஜாடி சார். காலையில ஃப்ரிட்ஜ்ல முழுசா இருந்துச்சு. இப்பப் பாத்தா அக்கா கழுவிக்கிட்டு இருக்கு. ரெண்டு வாரமாவே எனக்குச் சந்தேகம்."

கணக்குப் பார்க்கிற அனிஷா அப்போது பேங்குக்குப் போயிருந்தாள்.

முனியப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்னம்மா பேச்சாயி?"

அவள் அழகுராஜாவைப் பார்த்தாள். முனியப்பனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஆமா சார். நாந்தான் தின்னேன்."

"கேட்டா குடுக்க மாட்டாளா அந்தப் புள்ள? இந்த வயசுல இது தேவையா?" என்றான் அழகுராஜா. மற்றவர்கள் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"இனிமே ஃப்ரிட்ஜைத் தொடாத. போ" என்றார் முனியப்பன்.

அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஏனென்றால், தின்றது அவர்.

அனிஷா ஞாயிற்றுக்கிழமையே சியா விதையைப் பாலில் ஊறப்போட்டு, நாலைந்து நாளைக்குச் சேர்த்து ஜாடிகளில் எடுத்து வைத்துவிடுவாள். காலையில் மேலே சிறுமலை வாழைப்பழம் நறுக்கிப் போட்டு, கடலையை வறுத்து அவளே மிக்சியில் அரைத்த பீநட் பட்டர் ஒரு கரண்டி, கொஞ்சம் தேன். ஆபீசில் முதல் நாள் அதைத் திறந்தபோது எல்லோரையும் சிரிக்க வைத்தவர் முனியப்பன்.

"என்னம்மா இது, தவளை முட்டையா?"

"உடம்புக்கு நல்லது சார். சாப்ட்டுப் பாக்குறீங்களா?"

"இதைத் திங்கிறதுக்குப் பட்டினி கெடக்கலாம்!"

அந்த மாதமே அவர் மனைவி மகளின் பிரசவத்துக்குத் திருப்பூர் போனாள். போனில் "சாப்டீகளா?" என்று கேட்டாள். "சாப்டேன்" என்றார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் டீயோடு ஆபீஸ் வந்துவிடுவார்.

ஒரு நாள் பதினோரு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. பேனா பிடிக்க முடியவில்லை. எப்படியோ எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். அந்த ஜாடிதான் இருந்தது. ரெண்டு வாய் என்று ஆரம்பித்தார். வழித்துத் தின்றுவிட்டார்.

மறுநாள் சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் அன்றைக்கு ஃப்ரிட்ஜில் ரெண்டு ஜாடி இருந்தது. சாயங்காலத்துக்கும் ஒன்று கொண்டுவருகிறாள் போல என்று நினைத்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் கிண்டல் பண்ணிவிட்டு, இப்போது எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. எடுத்தார். தினமும் எடுத்தார். காலி ஜாடியை டம்ளர்களோடு கழுவப் போட்டுவிடுவார்.

மத்தியானம் ஓட்டல் பொட்டலத்தை அவரால் பிரிக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு அனிஷா வந்தாள். டீ நேரம். ஃப்ரிட்ஜுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு பேச்சாயி அழகுராஜாவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் பால் பாக்கெட்டைச் செத்த எடுத்துக் குடுங்க. நான் தொடக் கூடாதுன்னு சாரு சொல்லியிருக்காரு."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஏன் தொடக் கூடாது?" என்றாள் அனிஷா.

"உன் ஜாடியைக் காலி பண்ணுறது யாருன்னு நெனச்ச? நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றான் அழகுராஜா.

முனியப்பன் எழுந்தார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"அழகுராஜா, அவங்களைச் சொல்லாத. தின்னது நான். ரெண்டு வாரமா நாந்தான்."

அழகுராஜா பால் பாக்கெட்டோடு திரும்பிப் பார்த்தான்.

"ஐயய்ய, சாரு எனக்காகச் சொல்றாரு..." என்று பேச்சாயி குறுக்கே வந்தாள்.

"இல்லம்மா. காலையிலயே சொல்லியிருக்கணும். உன்னைத் திருடியாக்கிட்டு இந்த நாற்காலியில உக்காந்திருந்தேன்." அவர் அனிஷா பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் மேசையைப் பார்த்துப் பேசினார். "கேட்டு வாங்க வெக்கப்பட்டேன். திருடித் திங்க வெக்கப்படல. என்ன சொல்லணுமோ சொல்லும்மா."

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் அனிஷா மெதுவாக. "ரெண்டாவது ஜாடி உங்களுக்குன்னே கொண்டுவாரதுதான். உங்களுக்குச் சுகர்னு அதுல தேன் ஊத்துறதில்ல. வாழைப்பழத்துக்குப் பதிலா கொய்யா."

முனியப்பன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு சொன்னா உனக்கு?"

பேச்சாயி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அனிஷா கேட்கவில்லை.

"முத நாளு ஜாடியைத் தேடுனப்ப பேச்சாயி அக்காதான் சொன்னாங்க சார். 'சாருக்குக் கை நடுங்குச்சு பாப்பா. போய்க் கேட்டுப்புடாத, வெக்கப்பட்டுக்கிட்டு மறுபடி பட்டினி கெடப்பாரு. நாளையிலருந்து இன்னொண்ணு சேத்துக் கொண்டாந்து வச்சிரு. யாராச்சும் கேட்டா, நான் தின்னேன்னு சொல்லிக்கிறேன்'னு."